அமெரிக்க கன்சர்வேட்டிவ் பேச்ச மதுரையில உக்காந்து ஒழுங்கா கேக்குறது எப்படி

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல நடந்த ஒரு சண்டைல இருந்து ஆரம்பிக்கிறேன். டல்லாஸ்ல இருக்கிற அத்தை மகன் 40 செகண்டு வீடியோ ஒன்னு போட்டான், அதுல ஒரு அமெரிக்க கன்சர்வேட்டிவ் ஆளு, அதாவது நம்ம பேப்பர்ல வலதுசாரின்னு போடுற பக்கத்து ஆளு, மைக் முன்னாடி உக்காந்துக்கிட்டு இந்தியாவுல இருந்து வர்றவய்ங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க வேலைய புடுங்க வந்தவய்ங்கன்னு பேசுறாரு. வில்லாபுரத்துல இருக்கிற எங்க மாமா அந்தாளு ஷோவ மூணு வருஷமா விடாம கேக்குறவரு, அவரு அப்படி பேசுற ஆளு இல்லப்பான்னு ஒரு வரி போட்டாரு, அவ்வளவுதான், நீங்க ஏசி ரூம்ல உக்காந்து கேப்பீங்க நாங்கதான் இங்க விசாவுக்கு நிக்கிறோம்னு அவன் ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் அந்த பொங்கலுக்கு ஒரு போன் கூட பேசிக்கல.

நான் அந்த முழு எபிசோட தேடிப் புடிச்சு கேட்டேன், ஒன்னேகால் மணி நேரம். அந்த 40 செகண்டுல இருந்தது அவரு கருத்தே கிடையாது, எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு முதல்ல முழுசா எடுத்து வச்சுட்டு அதுக்கப்புறம் இருபது நிமிஷம் உக்காந்து அத மறுத்து பேசுறாரு, எவனோ முன்பாதிய மட்டும் வெட்டி எடுத்து விட்டுருக்கான். ரெண்டு பேருக்கும் அனுப்புனேன், பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அன்னைக்கு தோணுச்சு, நம்ம ஊர்ல இவ்வளவு பேரு இந்த பேச்செல்லாம் கேக்குறோம், எப்படி கேக்கணும்னு யாரும் தமிழ்ல எழுதி வைக்கலையேன்னு.

முதல்லயே சொல்லிடுறேன், நான் இந்த பேச்ச விரும்பி கேக்குறவன். குடும்பம், சாமி, உழைச்சு சாப்புடுறது, பெரியவங்க வச்சுட்டுப் போன வழக்கத்த காரணம் இல்லாம தூக்கிப் போடக்கூடாதுங்கிறது, இதெல்லாம் அவய்ங்க பேசும்போது எனக்கு ஒட்டுது. அதனாலதான் இத தப்பா கேட்டு தப்பா பரப்புறத பாத்தா வலிக்குது.

முதல் வேலை, நம்ம ஊரு தராச கீழ வைங்க. பேப்பர்ல வலதுசாரின்னு ஒரே வார்த்தைய போட்டுறாய்ங்க, நம்மளும் உடனே இங்க இருக்கிற கட்சிய அங்கிட்டு தூக்கி வச்சு பாக்குறோம், ஒத்து வராது. ஒரு உதாரணம் சொல்றேன், இத புரிஞ்சுக்கிட்டா பாதி கிணறு தாண்டுன மாதிரி. அமெரிக்கால சினிமால இருந்து வந்து ஜனாதிபதி ஆனவரு ரீகன், 1981 ஜனவரி 20ல பதவியேத்தப்பவே, இப்ப இருக்கிற நெருக்கடிக்கு அரசாங்கம் தீர்வு இல்ல, அரசாங்கம்தான் பிரச்னையேன்னு பேசுனாரு, அந்த வருஷமே பள்ளிக்கூட மதிய சாப்பாட்டுக்கு மத்திய அரசு குடுக்கிற காச வெட்டுனாய்ங்க. இங்கிட்டு சினிமால இருந்து வந்து 1977லயே முதலமைச்சர் ஆன எம்ஜிஆர் 1982ல சத்துணவுத் திட்டத்த கொண்டு வந்தாரு. ரெண்டு பேரும் நடிகரு, ரெண்டு பேரையும் ஜனங்க தலைல தூக்கி வச்சு ஆடுனாங்க, ஒருத்தரு சாப்பாட்டுக் காச குறைச்சாரு இன்னொருத்தரு சோறு போட்டாரு. நம்மூர்ல எவ்வளவு பழமையான ஆளா இருந்தாலும் ரேஷன் அரிசிய நிப்பாட்டுன்னு எந்த கட்சியும் ஓட்டு கேட்டு வராது, ஆனா அமெரிக்க கன்சர்வேட்டிவ் பேச்சுல நீங்க தினமும் கேக்கப் போறதே அந்த கேள்விதான், இத ஏன் அரசாங்கம் குடுக்கணும், சர்ச்சு குடுக்கக்கூடாதா, பக்கத்து வீட்டுக்காரன் குடுக்கக்கூடாதா, உழைச்சு வாங்கக்கூடாதான்னு. ஏத்துக்கணும்னு இல்ல, நான் கூட இதுல அவய்ங்களோட ஒத்துப் போகல, சத்துணவு சாப்புட்டு வளந்தவன் நான். ஆனா அவய்ங்க கேக்குற கேள்வி என்னன்னு தெரியாம கேட்டா ஏழைய புடிக்காதவய்ங்கன்னு மட்டும்தான் காதுல விழும்.

துப்பாக்கி விஷயமும் அப்படித்தான். இங்க லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்தா கூட எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்லுவாய்ங்க. அங்க ஆயுதம் வச்சுக்கிற உரிமைய 1791லயே அரசியல் சட்டத்துல இரண்டாவது திருத்தம்னு எழுதி வச்சு, 2008ல சுப்ரீம் கோர்ட்டும் அது தனி மனுசனோட உரிமைன்னு சொல்லிருச்சு. அத மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

அடுத்தது, நான் ஒவ்வொரு தடவையும் பண்றது. கன்சர்வ்னா காப்பாத்துறது, பத்திரமா வைக்கிறது. யாரு பேச ஆரம்பிச்சாலும் மனசுக்குள்ள ஒரு கேள்வி கேளுங்க, இவரு எதைக் காப்பாத்த பாக்குறாரு? எல்லாரும் ஒரே பேருல வந்தாலும் காப்பாத்துற பொருள் வேற வேற. சிலருக்கு அது அரசியல் சட்டமும் கோர்ட்டும், வில்லியம் பக்லிங்கிற எழுத்தாளர் 1955ல ஆரம்பிச்ச நேஷனல் ரிவ்யூ பத்திரிகை வழில வந்தவங்க பாதிப்பேரு இந்த ரகம். சிலருக்கு மார்க்கெட்டு, வரி கம்மி, வியாபாரத்துல அரசாங்கம் தலையிடக்கூடாது. சிலருக்கு சர்ச்சும் குடும்பமும், கருக்கலைப்புக்கு நாடு பூரா உரிமை குடுத்த 1973 தீர்ப்ப 2022 ஜூன் 24ல மாத்துற வரைக்கும் 49 வருஷம் விடாம நின்னது இவங்கதான், அந்த பொறுமைய நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு. அப்புறம் எல்லையும் உள்ளூர்க்காரன் வேலையும்தான் முக்கியம்னு சொல்றவங்க, ட்ரம்ப் வந்ததுக்கப்புறம் சத்தம் அதிகமா வர்றது இங்க இருந்துதான்.

இந்த நாலும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கு, அப்பப்ப முட்டிக்கும். எப்படி முட்டும்னு பாக்கணும்னா 2024 டிசம்பர் கடைசி வாரத்த எடுத்துக்கங்க. சென்னைல பொறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன ஏஐ ஆலோசகரா ட்ரம்ப் அறிவிச்சாரு, உடனே வெளிநாட்டு ஆளுங்கள வேலைக்கு எடுக்கிற ஹெச்1பி விசா பத்தி சண்டை வெடிச்சுது. ஒரு பக்கம் எலான் மஸ்க்கும் தொழிலதிபர் விவேக் ராமசாமியும், திறமையான ஆளு எங்க இருந்து வந்தாலும் வேணும்னு, ராமசாமி ஒருபடி மேல போயி கணக்கு ஒலிம்பியாட்ல ஜெயிச்ச பையன விட ஸ்கூல் அழகு ராணிய கொண்டாடுற கலாச்சாரம் நம்மளுதுன்னு அமெரிக்காவையே கடிஞ்சு எழுதுனாரு. இன்னொரு பக்கம் ட்ரம்போட பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனனும் ட்ரம்ப் ஆதரவாளர் லாரா லூமரும், இது அமெரிக்கன் சம்பளத்த கொறைக்கிற வேலைன்னு. எல்லாருமே ட்ரம்புக்கு ஓட்டு கேட்டவங்க! ஒருத்தரு மார்க்கெட்ட காப்பாத்துறாரு, ஒருத்தரு உள்ளூர் வேலைய காப்பாத்துறாரு, அந்த கேள்விய கேட்டா ரெண்டே நிமிஷத்துல வெளங்கிரும். ட்ரம்ப் அந்த மாசம் ஹெச்1பி நல்லதுதான்னாரு, 2025 செப்டம்பர் 19ல புது விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு கையெழுத்து போட்டாரு, அன்னைக்கு நம்ம காசுக்கு 88 லட்சம் கிட்ட. வருஷத்துக்கு 85,000 விசா, அதுல நம்ம மதுரைக்கார இன்ஜினியரிங் பிள்ளைங்க எத்தனை பேரு கனவு கிடக்கு. அதனால இது நமக்கு தூரத்து கதை இல்ல, இந்த நாலு ரகத்துல அன்னைக்கு யாரு கை ஓங்கியிருக்குன்னு கவனிக்கிறது வீட்டுல விசாவுக்கு காத்திருக்கிற பிள்ளை இருந்தா ரொம்ப முக்கியம்.

இதுல ஒன்னு அழுத்தி சொல்லணும். விசா எண்ணிக்கைய கொறைக்கணும்னு ஒருத்தரு வாதம் பண்ணா அது கொள்கை, உக்காந்து கேக்கலாம், பதில் சொல்லலாம். இந்தியாக்காரன் நாறுறான், சாணி, கோயில், சாமின்னு இழிவா பேசுனா அது எந்த பாரம்பரியத்தையும் காப்பாத்துற பேச்சு இல்ல, வெறுப்பு. நம்ம பக்கத்து ஆளுன்னு நினைச்சுக்கிட்டு அத சகிச்சுக்காதீங்க. மாமாவுக்கும் இதத்தான் சொன்னேன், அப்படி ஒரு சேனல அவரும் நிப்பாட்டிட்டாரு.

அடுத்தது நிருபர் யாரு, பேச்சாளர் யாருன்னு பிரிக்கிறது. மதுரைக்காரங்களுக்கு இத நான் சொல்லித் தர வேண்டியதே இல்ல, சாலமன் பாப்பையா ஐயா ஊரு இது. பட்டிமன்றத்துல ஒரு அணில பேசுறவரு எவ்வளவு அழகா பேசுனாலும் அவரு அந்த அணிக்குன்னு நின்னு பேசுறாருன்னு கேக்குற கிழவிக்கும் தெரியும், யாரும் அத செய்தின்னு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு போறதில்ல. அமெரிக்கால என்ன ஆச்சுன்னா, ரேடியோ டிவில ஒரு விஷயத்த பேசுனா ரெண்டு பக்கத்தையும் சொல்லணும்னு 1949ல இருந்து ஒரு விதி இருந்துச்சு, 1987ல அத எடுத்துட்டாய்ங்க. மறு வருஷமே, 1988 ஆகஸ்டுல, ரஷ் லிம்பாவோட ரேடியோ ஷோ நாடு பூரா போக ஆரம்பிச்சுது, தினமும் மத்தியானம் மூணு மணி நேரம், ஒத்த ஆளு, எதிரணியே கிடையாது. கார்ல போறவன், லாரி ஓட்டுறவன், கடைல நிக்கிறவன் எல்லாம் கேட்டான், ஏன்னா பெரிய சேனல்ல அவனுக்காக யாரும் பேசல. 2021ல அவரு சாகுற வரைக்கும் அந்த மைக்க விடல. 1996 அக்டோபர்ல ஃபாக்ஸ் நியூஸ் வந்துச்சு, அதுக்கப்புறம் பாட்காஸ்ட், யூட்யூப், பென் ஷப்பீரோங்கிற பேச்சாளரோட ஆளுங்க 2015ல ஆரம்பிச்ச டெய்லி வயர் கம்பெனி, எல்லாத்துக்கும் வேரு அந்த ரேடியோதான். நடுவர் இல்லாத பட்டிமன்றம்னு வைங்களேன்.

இது நான் சொல்றது மட்டும் இல்ல, கோர்ட்டே சொல்லிருக்கு. ஃபாக்ஸ் நியூஸ்ல ஷோ நடத்துன டக்கர் கார்ல்சன் பேச்சுக்காக போட்ட ஒரு அவதூறு கேஸ்ல 2020 செப்டம்பர்ல நியூயார்க் நீதிபதி கேச தள்ளுபடி பண்ணாரு, அவரு பேசுற தொனிய பாத்தாலே நடந்தத அப்படியே சொல்லல, மிகைப்படுத்தி பேசுறாருன்னு பாக்குறவங்களுக்கு புரியும்ங்கிற ஃபாக்ஸ் வக்கீலோட வாதத்த ஏத்துக்கிட்டு. ஆனா பேச்சாளர் தப்பிச்சாலும் சேனல் எப்பவும் தப்பிக்க முடியாது, 2020 எலெக்சன்ல ஓட்டு மெஷின்ல மோசடின்னு ஒளிபரப்புனதுக்கு அந்த மெஷின் செய்யுற டொமினியன் கம்பெனி கேஸ் போட்டு, அந்த பேச்சு எதுவுமே உண்மை இல்லன்னு நீதிபதி விசாரணைக்கு முன்னாடியே சொல்லி, 2023 ஏப்ரல் 18ல ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கட்டி முடிச்சுது, ஒரு வாரத்துல கார்ல்சனும் வெளிய போயிட்டாரு. விரும்பி கேக்குறவங்க இத மறக்கவே கூடாது, நமக்கு புடிச்ச சேனல் பொய்ய ஒளிபரப்புனா அதால நட்டப்படுறது முதல்ல நம்மதான்.

அதே சமயம் அவய்ங்க பெரிய பத்திரிகைகள நம்ப மாட்டேங்கிறதுக்கும் காரணம் இருக்கு. 2004ல புஷ்ஷோட ராணுவ சேவை பத்தி சிபிஎஸ் டிவி ஒரு ஆவணத்த காட்டி, அது உண்மைன்னு நிரூபிக்க முடியாம மன்னிப்பு கேட்டாய்ங்க. 2020 அக்டோபர் 14ல, ஜோ பைடன் மகன் ஹண்டர் பைடனோட லேப்டாப் பத்தி நியூயார்க் போஸ்ட் போட்ட செய்திய ட்விட்டர்ல லிங்க் கூட பகிர விடாம தடுத்தாய்ங்க, 2022 மார்ச்சுல நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் அதுல பல மெயில் உண்மையானதுதான்னு எழுதுனாய்ங்க. இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டா, ஒவ்வொரு ஷோலயும் மீடியா மீடியான்னு ஏன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொந்தளிக்கிறாய்ங்கன்னு புரியும்.

அதனால வழக்கம் என்னன்னா, பேச்சாளர் ஒரு சம்பவத்த சொன்னா, அங்கயே நிப்பாட்டிட்டு ஏபி இல்லன்னா ராய்ட்டர்ஸ் மாதிரி செய்தி நிறுவனத்துல அந்த சம்பவத்த மட்டும் படிங்க. மசோதான்னு சொன்னா காங்கிரஸ், அதாவது அவய்ங்க நாடாளுமன்றத்தோட வெப்சைட்ல மூலமே கிடைக்கும், தீர்ப்புன்னா சுப்ரீம் கோர்ட் வெப்சைட்ல இலவசமா இருக்கு, முன்னாடி ரெண்டு மூணு பக்கத்துல சுருக்கம் போட்டுருப்பாங்க அது போதும். பெரிய தீர்ப்பெல்லாம் ஜூன் மாசம்தான் வரும், அங்க காலைல 10 மணி, நமக்கு ராத்திரி ஏழரை. அத படிச்சுட்டு ஷோவுக்கு திரும்பி வந்து கேட்டீங்கன்னா எது நடந்தது எது அவரு கருத்துன்னு தானா பிரிஞ்சு தெரியும். அவரு ரெண்டாவத பேசுறதுல தப்பே இல்ல, அதுக்குத்தான் கேக்குறோம்.

இப்ப சினிமாக்காரங்க விஷயம். கன்சர்வேட்டிவ் ஷோ கேட்டா பாதி நேரம் ஏதாவது நடிகை, பாடகி, அவார்டு ஃபங்ஷன் பத்தி ஓடிக்கிட்டு இருக்கும், என்னடா இது வரி பத்தி பேசாம நடிகை டிரஸ் பத்தி பேசுறாய்ங்கன்னு தோணும். ஆண்ட்ரூ பிரைட்பார்ட்னு ஒரு கன்சர்வேட்டிவ் பத்திரிகைக்காரரு, 2012ல இறந்துட்டாரு, அவரு சொன்னதுதான் இதுக்கு அடிப்படை, கலாச்சாரம் மேல ஓடுற தண்ணி, அரசியல் அதோட கீழ் மடைங்கிற மாதிரி. தமிழ்நாட்டுக்காரனுக்கு இத விளக்கணுமா? வசனத்துல இருந்து கோட்டைக்கு போன வரலாறு நம்மளுது. விஜயகாந்த் 2005ல கட்சி ஆரம்பிச்சது மதுரைல, கமல் 2018ல ஆரம்பிச்சது மதுரைல, 2025 ஆகஸ்டுல விஜய் ரெண்டாவது மாநாடு போட்டதும் இங்க பாரபத்தில.

ஆனா இங்கயும் தராசு மாறும். நம்மூர்ல ரசிகர் மன்றம்னா தெருவுக்கு ஒரு கிளை, போர்டு, தலைவர், செயலாளர், அது அப்படியே பூத் ஏஜெண்டா மாறும். அங்க பாடகிக்கு கோடிக்கணக்குல ரசிகர் இருந்தாலும் வார்டு செயலாளர் கிடையாது. 2012ல நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் குடியரசுக் கட்சி மாநாட்டுல காலி நாற்காலியோட பேசுனாரு, அந்த கட்சி வேட்பாளர் ராம்னி தோத்தாரு. 2024 செப்டம்பர் 10ல பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ட்ரம்ப எதிர்த்து நின்ன கமலா ஹாரிசுக்கு ஆதரவுன்னு போட்டாங்க, ட்ரம்ப் 538ல 312 எலெக்டோரல் ஓட்டு வாங்கி ஜெயிச்சாரு. அதனால ஒரு ஸ்டார் ஆதரவு குடுத்ததுக்கு ஒரு வாரம் பூரா ஷோ ஓடுனா, ஓட்டு மாறிப்போச்சுன்னு நினைச்சுக்காதீங்க, அவய்ங்க சண்டை போடுறது அந்த ஸ்டார் எந்த மாதிரி வாழ்க்கைய நல்ல வாழ்க்கைன்னு காட்டுறாங்கங்கிறதுக்கு.

நான் பண்றது, ஸ்டார் பேர எடுத்துட்டு வாதத்த மட்டும் சொல்லிப் பாப்பேன். ஸ்விஃப்ட் அந்த பதிவுல பூனைய கையில வச்சுக்கிட்டு பிள்ளை இல்லாத பூனைக்காரின்னு கையெழுத்து போட்டுருந்தாங்க, அது ட்ரம்போட துணை ஜனாதிபதி வேட்பாளரா நின்ன ஜேடி வான்ஸ் 2021ல எதிர்த்தரப்ப அப்படி சொன்னதுக்கு பதில். பேரையும் பூனையையும் எடுத்துட்டு பாத்தா வான்ஸ் சொன்னது என்ன, பிள்ளை பெத்து வளக்குறவங்களுக்கு நாட்டோட நாளைய பொழுதுல கூடுதல் அக்கறை இருக்கும், அரசாங்கம் குடும்பங்களுக்கு சாதகமா நடக்கணும்னு. குடும்பத்துக்கு உதவணுங்கிறத நான் முழுசா ஏத்துக்குறேன். ஆனா எங்க பெரியத்தை கல்யாணமே பண்ணிக்கல, செல்லூர்ல தறி ஓட்டி எங்க நாலு பேரையும் படிக்க வச்சது அவங்கதான், அவங்களுக்கு எங்க நாளைய பொழுதுல அக்கறை இல்லன்னு எவன் சொன்னாலும் அந்த இடத்துல அவன் வாதம் உடைஞ்சு போச்சு. இப்படி ஏத்துக்குற பகுதி எது தள்ளுற பகுதி எதுன்னு பிரிக்கிறதுதான் கேக்குறதுல பெரிய வேலை. பேரு நீக்குனதும் மிச்சம் ஒன்னுமே இல்லன்னா அந்த பகுதிய ஓட்டி விட்டுருங்க, வெறும் வம்பு.

விளம்பரத்தையும் கவனிங்க. நடுவுல அதே குரல்ல, அதே அக்கறைல, டாலர் விழப்போகுது தங்கம் வாங்குங்கன்னு சொல்லுவாரு, அது காசு வாங்கிட்டு படிக்கிறது. டெய்லி வயர் 2022ல ஷேவிங் ரேசரே சொந்தமா விக்க ஆரம்பிச்சாய்ங்க. தெற்காவணி மூல வீதில தங்கம் வாங்கப் போறதுக்கு அமெரிக்க பாட்காஸ்ட் யோசனை நமக்கு தேவையில்ல.

பெரிய சம்பவம் நடந்தா முதல் ரெண்டு நாள் யாரையும் நம்பாதீங்க, நம்ம ஆளையும் சேத்து. 2025 செப்டம்பர் 10, கன்சர்வேட்டிவ் இளைஞர் அமைப்பு நடத்துன சார்லி கிர்க்க யூட்டா காலேஜ்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே சுட்டுக் கொன்னப்ப நம்மூர்ல நடுராத்திரி 12 மணி ஆகப்போகுது. 31 வயசு, ரெண்டு சின்ன பிள்ளைங்க. நான் தூங்கல. அன்னைக்கே எஃப்பிஐ தலைவர் காஷ் பட்டேல் ஒரு ஆள புடிச்சாச்சுன்னு போட்டாரு, கொஞ்ச நேரத்துல அந்தாள விட்டாச்சுன்னு அவரே போட்டாரு, உண்மையான கைது விவரம் 12ஆம் தேதிதான் சொன்னாய்ங்க. அதுக்குள்ள எத்தனை தப்பான பேரு, எத்தனை தப்பான போட்டோ. துக்கத்துலயும் கோவத்துலயும் இருக்கும்போதுதான் கை ஃபார்வர்டு பட்டனுக்கு போகும், அந்த ரெண்டு நாள் போன தள்ளி வைங்க.

கேக்குற நேரம் ஒரு விஷயம். அங்க கிழக்கு கரைல ராத்திரி 8 மணி ஷோ நமக்கு வெயில் காலத்துல காலை 5:30, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 6:30, அவய்ங்க கடிகாரத்த முன்ன பின்ன தள்ளுறதுதான் காரணம். எங்க மாமா வாசல்ல தண்ணி புடிச்சுக்கிட்டே கேப்பாரு. இங்கிலீஷ் வேகமா இருந்தா வீடியோ வேகத்த 0.75ல வச்சு இங்கிலீஷ் எழுத்தையே கீழ ஓட விடுங்க, தானா வர்ற தமிழ் மொழிபெயர்ப்ப நம்பாதீங்க, அங்க எதிர்த்தரப்புக்கு பேரான லிபரல்ங்கிறத தாராளம்னு போட்டு கதையே மாறிரும். டீக்கடைல சொல்லும்போது, அமெரிக்கால இப்படி ஆகிப்போச்சுன்னு சொல்லாம, இன்னாரு இப்படி சொல்றாருன்னு பேரோட சொல்லுங்க, கேக்குறவருக்கு மறுத்துப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பழகிப் பாக்க நல்ல நாள் 2026 நவம்பர் 3. பேப்பர்ல சில பேரு இடைத்தேர்தல்னு போட்டுறாய்ங்க, திருமங்கலம் மாதிரி ஒத்த தொகுதி சமாச்சாரம்னு நினைச்சுறாதீங்க, ஜனாதிபதி பதவிக்காலத்துக்கு நடுவுல நாடு பூரா நடக்குற தேர்தல் அது, கீழ்சபைல 435 சீட்டும், மேல்சபையான செனட்ல மூணுல ஒரு பங்குக்கு மேலயும். முதல் வாக்குச்சாவடி மூடுறப்ப நமக்கு புதன்கிழமை விடியக்காலை நாலரை, ஜார்ஜியா, விர்ஜினியாவெல்லாம் அஞ்சரை. ஒரு பக்கம் ஏபி முடிவு, இன்னொரு பக்கம் நீங்க வழக்கமா கேக்குற ஆளு, நடுவுல ஒரு நோட்டு. அவரு சொல்ற ஒவ்வொன்னையும் நேரத்தோட எழுதிக்கிட்டே வாங்க, எட்டு மணிக்கு இட்லி சாப்புடும்போது எது நின்னுச்சு எது போச்சுன்னு டிக் போடுங்க. மாமாவும் டல்லாஸ் அத்தை மகனும் அன்னைக்கு வீடியோ கால்ல சேந்து பாக்குறதா பேசி வச்சிருக்காங்க, நோட்டு என் பொறுப்பு.